மூன்று கிலோமீட்டர் கயிற்றில் ஒரு காவல்

கோலார் தங்கவயலின் நந்திதுர்க் லைனில் வளர்ந்தவர்களுக்கு 3 கிலோமீட்டர் என்றால் தூரம் ஞாபகத்துக்கு வராது, ஆழம்தான் வரும். பக்கத்திலிருக்கும் சாம்பியன் ரீஃப் சுரங்கம் அத்தனைக்கும் மேல் கீழே போனது. தங்கவயல் கடல்மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிற ஊர். அப்படியும் அந்தச் சுரங்கத்தின் கடைசித் தளம் கடல்மட்டத்துக்குக் கீழே 2 கிலோமீட்டருக்கு மேல் தாழ்ந்து கிடக்கிறது. இங்கிருந்து கிழக்கே சுமார் 250 கிலோமீட்டர் போனால் சென்னைக் கடற்கரை. கரையைத் தாண்டி இன்னும் சில நூறு கிலோமீட்டர் உள்ளே, வங்கக்கடலின் நடுவில், நம் சுரங்கம் போன அதே ஆழத்துக்கு ஒரு கயிறு இறங்குகிறது. ஷாஃப்டில் கூண்டை இறக்கிய கயிறு மாதிரிதான். ஆனால் இதில் கூண்டும் இல்லை, ஆளும் இல்லை. மேல்முனையில் இரண்டு மூன்று மீட்டர் அகலத்துக்கு மஞ்சள் நிறத்தில் ஒரு மிதவை. கீழ்முனையில் சில டன் எடையுள்ள நங்கூரக் கட்டை. நடுவில் வரிசையாகக் கருவிகள்.

கடலே இல்லாத தங்கவயலில் உட்கார்ந்துகொண்டு கடல் மிதவையைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று கேட்பவர்கள் 2021 நவம்பரை நினைத்துப் பார்க்கட்டும். வங்கக்கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் அந்த மாதம் 19-ஆம் தேதி அதிகாலை புதுச்சேரிக்கும் சென்னைக்கும் இடையே கரையைக் கடந்தது. கோலார் மாவட்டமே நனைந்தது. நம் ஊருக்குக் குடிதண்ணீர் கொடுத்த பேத்தமங்கலம் ஏரி நிரம்பி வழிந்தது. பாலாற்றில் பல பத்தாண்டுகளாகக் காணாத வெள்ளம் வாணியம்பாடி, வேலூர் வழியாகப் பாய்ந்து கல்பாக்கத்துக்குத் தெற்கே கடலில் சேர்ந்தது. வடகிழக்குப் பருவத்தில் இங்கே பெய்கிற மழையின் ஜாதகம் வங்கக்கடலில்தான் எழுதப்படுகிறது. அதை முதலில் படிப்பது அந்த மஞ்சள் மிதவைகள்.

சென்னை பள்ளிக்கரணையில் இருக்கிறது தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம். என்.ஐ.ஓ.டி. என்றால்தான் ஆட்டோக்காரருக்கும் தெரியும். 1993-ல் தொடங்கிய நிறுவனம் இது. நார்வேயின் உதவியோடு 1996-ல் தேசிய மிதவைத் திட்டத்தைக் கையில் எடுத்தது. மறு ஆண்டு முதல் மிதவைகள் கடலில் இறங்கின. அதுவரை நடுக்கடலில் காற்று எவ்வளவு, அலை எவ்வளவு என்பதற்கு நமக்கு இருந்த நேரடிச் சாட்சி, அந்த வழியாகப் போகும் கப்பல்கள் அனுப்பும் குறிப்புகள்தான். புயல் அடிக்கிற இடத்துக்கு எந்தக் கப்பலாவது வேண்டுமென்றே போகுமா? எங்கே தகவல் அதிகம் தேவையோ அங்கேதான் தகவல் இருக்காது. ஓட முடியாமல் ஒரே இடத்தில் கட்டிப்போட்ட கருவி அந்தக் குறையைத் தீர்த்தது.

இந்தப் பணியைப் பல ஆண்டுகள் முன்னின்று நடத்தியவர் என்.ஐ.ஓ.டி.யின் கடல் கண்காணிப்புப் பிரிவுத் தலைவராக இருந்த விஞ்ஞானி ஆர். வெங்கடேசன். கடலில் போட்ட பொருளைக் கடல் எப்படித் தின்கிறது என்பதில் ஆழ்ந்த அறிவுள்ளவர். மிதவை வேலைக்கு அந்த அறிவுதான் முதல் தகுதி என்பேன். 2014 ஜூலையில் வடதுருவத்தை ஒட்டிய ஸ்வால்பார்டின் காங்ஸ்ஃபியோர்டன் நீரில் 192 மீட்டர் ஆழத்தில் ‘இண்டார்க்’ என்ற கண்காணிப்புக் கருவித் தொகுதியை இந்தியா நிறுவியதே, அதற்குப் பின்னாலும் இவர் குழுவின் உழைப்பு உண்டு. பள்ளிக்கரணையில் கற்றதைப் பனிக்கடலில் போட்டுப் பார்த்தார்கள்.

மிதவையைக் கடலில் இறக்குவது சும்மா தூக்கிப் போடுகிற வேலை இல்லை. சாகர் நிதி, சாகர் மஞ்சுஷா போன்ற ஆராய்ச்சிக் கப்பல்கள் குறித்த இடத்துக்கு வந்ததும், ஒலியலை அனுப்பி அடித்தளத்தின் ஆழத்தை அளப்பார்கள். பிறகு முதலில் இறங்குவது மிதவை. கிரேன் அதைத் தண்ணீரில் வைத்ததும் கப்பல் ஆமை வேகத்தில் விலகத் தொடங்கும். பின்தளத்திலிருந்து கயிறு பிரிந்து பிரிந்து போகும். மேல்பகுதிக்குச் சாதாரணக் கயிறு ஆகாது. மீன்கள் கடித்தே அறுத்துவிடும் என்பதால் உறை போட்ட இரும்புக் கம்பி. அதில் 5 மீட்டர், 10 மீட்டர், 15 மீட்டர் என்று தொடங்கி 500 மீட்டர் வரை, குறித்த ஆழங்களில் வெப்பநிலையையும் உப்புத்தன்மையையும் அளக்கும் உருளைகளை ஆட்கள் ஒவ்வொன்றாகப் பூட்டுவார்கள். அதற்குக் கீழே நைலான். அதற்கும் கீழே தண்ணீரில் மிதக்கும் தன்மையுள்ள வேறு வகைக் கயிறு. அடியில் கயிறு தரையில் உரசித் தேயாமல் வளைந்து நிற்பதற்காக இந்த ஏற்பாடு. கடைசியாக நங்கூரக் கட்டை. அதைத் தள்ளிவிட்டதும், கிலோமீட்டர் கணக்கில் பின்னால் கிடந்த மிதவை தண்ணீரைக் கிழித்துக்கொண்டு கப்பலை நோக்கி ஓடி வரும். கட்டை தரை தொடும்வரை அந்த ஓட்டம் நிற்காது.

எடுப்பது இன்னும் சாமர்த்தியமான வேலை. நங்கூரத்துக்குச் சற்று மேலே ஒலியைக் கேட்டால் திறந்துகொள்ளும் கொக்கி ஒன்று இருக்கிறது. கப்பலிலிருந்து அதற்கே உரிய ஒலிக் குறியீட்டை அனுப்பினால் கொக்கி திறக்கும், கட்டை அங்கேயே கிடக்கும், கயிறு மேலே வந்துவிடும். கொக்கி திறக்காத நாளும் உண்டு. அன்றைக்குக் கப்பலில் யார் முகத்திலும் ஈயாடாது.

சரி, இத்தனை பாடுபட்டு 500 மீட்டர் ஆழம்வரை ஏன் அளக்க வேண்டும்? கடலின் மேற்பரப்பு எத்தனை டிகிரி என்று செயற்கைக்கோள் சொல்லிவிடாதா? சொல்லும், மேல்தோலை மட்டும். வங்கக்கடலின் விஷயமெல்லாம் தோலுக்குக் கீழே இருக்கிறது. கங்கையும் பிரம்மபுத்திராவும் ஐராவதியும் கொண்டுவந்து கொட்டுகிற நன்னீர் உப்புநீரைவிட லேசானது. அது மேலே ஒரு மூடிபோலப் பரவி நிற்கிறது. சாதாரணமாகப் புயல் என்ன செய்யும் என்றால், கடலைக் கலக்கி அடியிலிருக்கும் குளிர்ந்த நீரை மேலே கொண்டுவரும். சூடான நீர்தான் புயலுக்கு உணவு. எனவே தன் சோற்றில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்ளும். வங்கக்கடலின் வடபகுதியில் அந்த நன்னீர் மூடி கலக்கத்தைத் தடுக்கிறது. குளிர்ந்த நீர் எளிதில் மேலே வருவதில்லை. புயலுக்குச் சோறு தீர்வதில்லை. ஒரு புயல் திடீரென்று வலுப்பதன் காரணத்தைத் தேடினால் இந்த உப்புக் கணக்கிலும் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது. பருவமழையின் போக்கிலும் இந்தக் கணக்குக்குப் பங்கு உண்டு என்பதால், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் தேபாஷிஷ் சென்குப்தா போன்றவர்கள் வடவங்கக்கடலையே ஆய்வுக்களமாக வைத்துக்கொண்டார்கள். இந்திய, அமெரிக்க விஞ்ஞானிகளின் கூட்டு முயற்சியில் 2014 டிசம்பரில் சாகர் நிதி கப்பலிலிருந்து அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் நிறுவனத்தின் மிதவை ஒன்று அங்கே இறக்கப்பட்டது. கடல் இல்லாத பெங்களூரில் கடல் விஞ்ஞானிகள் இருக்கலாம் என்றால், தங்கவயலிலிருந்து ஒரு பிள்ளை அந்தப் படிப்புக்குப் போகக் கூடாதா என்று எனக்கு ஓர் ஆதங்கம். அது இருக்கட்டும்.

மிதவையால் என்ன கண்ட பலன் என்று கேட்பவர்களுக்கு ஒடிசாவைக் காட்டலாம். 1999 அக்டோபர் 29-ஆம் தேதி அடித்த சூப்பர் புயலில் சுமார் 10,000 பேர் செத்தார்கள். 2013 அக்டோபர் 12-ஆம் தேதி கோபால்பூர் அருகே கரையேறிய பைலின் அதிதீவிரப் புயலில் சாவு சில பத்துகளோடு நின்றது. முன்கூட்டியே லட்சக்கணக்கானவர்களை அப்புறப்படுத்தியதுதான் காரணம். அந்தப் பெருமை முழுவதையும் மிதவைக்குக் கொடுத்துவிட முடியாது. வானிலைத் துறையின் கணிப்பு, செயற்கைக்கோள், ஒடிசா அரசின் ஏற்பாடு, ஊர்ஊராகக் கட்டிய புயல் காப்பகங்கள் எல்லாம் சேர்ந்த பலன் அது. ஆனால் பைலின் போன வழியில் பி.டி.10 என்ற நம் மிதவை நின்றது. காற்றழுத்தம் சரிந்ததை, அலை எழுந்ததை, புயல் கடந்த பிறகு கடல் குளிர்ந்ததை அது எழுதி வைத்தது. அந்தப் பதிவுகளை வைத்து வெங்கடேசன் குழுவினர் 2014-ல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் கட்டுரை எழுதினார்கள். அடுத்த புயலின் கணிப்பைத் திருத்துவதற்கு இப்படிப்பட்ட பதிவுகள்தான் உரைகல்.

ஆழிப்பேரலை மிதவையின் கதை வேறு. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுமத்ராவில் பூமி நடுங்கிய பிறகு சென்னைக் கரையை அலை தொட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த இரண்டு மணி நேரமும் வீணாகப் போனது. பசிபிக்கில் கருவிகள் இருந்தன; இந்தியப் பெருங்கடலில் ஒன்றுகூட இல்லை. தங்கவயலில் பாறை வெடித்து ஆட்கள் நசுங்கிய பிறகுதானே, ‘ஏர் பிளாஸ்ட்’ என்று நம் தாத்தாக்கள் சொன்ன அந்த நடுக்கத்தை அளக்க நிலநடுக்கமானி வந்தது? பிணம் விழுந்த பிறகுதான் கருவிக்குக் காசு ஒதுக்குவது என்பது நம் நாட்டு வழக்கமாகவே ஆகிவிட்டது. 2007 அக்டோபர் 15-ஆம் தேதி ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் என்னும் கடல்சார் தகவல் சேவை மையத்தில் எச்சரிக்கைப் பிரிவு திறக்கப்பட்டது. கடலின் அடித்தளத்தில் உட்கார்ந்திருக்கும் அழுத்தமானி தனக்கு மேலுள்ள பல கிலோமீட்டர் தண்ணீரில் ஒரு சில சென்டிமீட்டர் ஏறினாலும் கண்டுபிடித்து, ஒலி மூலம் மேலே மிதக்கும் மிதவைக்குச் சொல்லும். மிதவை செயற்கைக்கோளுக்குச் சொல்லும். இதன் பெரிய பயன் எச்சரிப்பதில் மட்டும் இல்லை, ‘ஓட வேண்டாம்’ என்று சொல்வதிலும் இருக்கிறது. 2012 ஏப்ரல் 11-ஆம் தேதி சுமத்ராவில் 8.6 அளவில் நடுங்கியபோது மெரினாவிலிருந்து ஜனங்கள் ஓடினார்கள். பெரிய அலை எழவில்லை என்பதைக் கடலே அன்று கருவி வழியாகச் சொல்லியது.

இப்போது மிதவையின் எதிரிகளுக்கு வருவோம். புயல் முதல் எதிரி இல்லை. புயலைத் தாங்கத்தான் அதைக் கட்டியிருக்கிறார்கள். முதலில் வருவது கொட்டலசு. தண்ணீரில் எதை வைத்தாலும் சில நாளில் வழுவழுப்பாக ஒரு படலம் படியும், அதன்மேல் பாசி, அதன்மேல் கொட்டலசும் சிப்பியும் ஒட்டிக்கொண்டு கூட்டம் கூட்டமாக வளரும். உப்புத்தன்மை அளக்கும் கருவியின் துவாரத்தில் ஒரே ஒரு கொட்டலசு குடியேறினால் போதும், அது அனுப்பும் எண் பொய்யாகிவிடும். ஆபத்து என்னவென்றால் கருவி நின்றுபோகாது. தொடர்ந்து வேலை செய்துகொண்டே தப்பாகச் சொல்லும். எனவே ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்துக் கப்பல் போய்ச் சுரண்டிச் சுத்தம் செய்து, கருவிகளை மாற்றி, கரைக்குக் கொண்டுவந்து சோதித்தாக வேண்டும்.

இரண்டாவது எதிரி நாம். நடுக்கடலில் எந்தப் பொருள் மிதந்தாலும் அதன் நிழலில் சிறுமீன் ஒதுங்கும், சிறுமீனைத் தேடி சூரை வரும், சூரையைத் தேடிப் படகு வரும். இதில் மீனவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மீன் இருக்கிற இடத்துக்குப் போவது அவர் தொழில். சிக்கல் அதற்குப் பிறகு. மிதவையில் படகைக் கட்டுகிறார்கள். வலை கயிற்றில் மாட்டினால் கயிற்றை வெட்டுகிறார்கள். சிலர் ஏறி சூரியத் தகட்டையும் பேட்டரியையும் கழற்றுகிறார்கள். இது நம் கடலில் மட்டும் நடப்பதில்லை. உலகம் முழுக்க மிதவை வைத்திருக்கும் எல்லா நாடுகளும் இதே புலம்பலைத்தான் புலம்புகின்றன. கட்டறுந்த மிதவை நின்றுவிடாது, தான் இருக்கும் இடத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். பள்ளிக்கரணைத் திரையில், ஒரு வட்டத்துக்குள் அசைய வேண்டிய புள்ளி வட்டத்தை விட்டு வெளியே நகர ஆரம்பித்தால் விஷயம் முடிந்தது. கப்பலை அனுப்பித் துரத்திப் பிடிக்க வேண்டும். பிடித்தாலும், இடைப்பட்ட வாரங்களின் பதிவு போனது போனதுதான்.

இதற்குக் கிராமம் கிராமமாக விழிப்புணர்வுக் கூட்டம் போடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் கூட்டத்தில் ‘தொடாதே’ என்று மட்டும் சொன்னால் எடுபடாது. அந்த மிதவையால் உனக்கு என்ன கிடைக்கிறது என்று காட்ட வேண்டும். புதுச்சேரி கடலோரக் கிராமங்களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களின் இறுதியில் தொடங்கிய தகவல் மையங்கள் இந்தச் சூட்சுமத்தைப் பிடித்தன. வீராம்பட்டினத்தில் அன்றைய அலை உயரத்தை ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். அதே மாதிரி ஒலிபெருக்கி நல்லவாடு கிராமத்திலும் இருந்தது. 2004 ஆழிப்பேரலை அன்று அதில் சொல்லித்தான் ஊர் ஜனங்கள் தப்பி ஓடினார்கள். இதற்கு நேர் எதிர் 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கி புயல். தகவல் கரையில் இருந்தது, படகுகள் ஆழ்கடலில் இருந்தன. குமரி, கேரள மீனவக் கிராமங்கள் நூற்றுக்கு மேற்பட்டவர்களைப் பறிகொடுத்தன. அதன் பிறகுதான் கைபேசிக் கோபுரம் எட்டாத கடலுக்கும் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் ‘ஜெமினி’ கருவி 2019-ல் வந்தது.

நடுக்கடலை இத்தனை அக்கறையோடு பார்க்கிற நாம், கரையோரத் தண்ணீரை எப்படிப் பார்க்கிறோம்? அலையைப் பொறுத்தவரை பரவாயில்லை. புதுச்சேரி, தூத்துக்குடி, கொல்லம் உள்ளிட்ட இடங்களில் இன்காய்ஸின் அலைமானி மிதவைகள் இருக்கின்றன. ஒரு மீட்டருக்கும் குறைந்த விட்டமுள்ள மஞ்சள் உருண்டை. அலையோடு சேர்ந்து ஏறி இறங்குவதுதான் அதன் வேலை. கள்ளக்கடலை உறுதிப்படுத்துவதில் இதற்கு ஈடு கிடையாது. தெற்கே பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் அடித்த புயலின் அலை, சில நாள் பயணம் செய்து, காற்றே இல்லாத வெயில் நாளில் நம் கரையில் ஏறுவதுதான் கள்ளக்கடல். 2024 மே 6-ஆம் தேதி குமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துக்கொண்டது. எச்சரிக்கை முன்பே வெளியாகியிருந்தது. மணலில் நின்றவர்களின் காதுக்கு அது போய்ச் சேரவில்லை.

தண்ணீரின் தரம் என்று வந்தால் நிலைமை மோசம். 1991 முதலே மத்திய அரசின் கடலோர மாசு கண்காணிப்புத் திட்டம் நடக்கிறது. படகில் போய், பாட்டிலில் மொண்டு, ஆய்வகத்தில் பார்ப்பது அதன் முறை. அளவுகள் நம்பகமானவை. ஆனால் கடல் படகின் அட்டவணைப்படி கெடுவதில்லை. 2019 ஆகஸ்ட் 18-ஆம் தேதி இரவு சென்னைக் கடற்கரைகளில் அலை நீலமாக ஒளிர்ந்தது. எல்லோரும் படம் எடுத்துப் போட்டோம். அதற்குக் காரணம் நாக்டிலூகா என்ற நுண்ணுயிர். அடுத்த மாதம் மன்னார் வளைகுடாவில் அதே இனம் பெருகித் தண்ணீர் பச்சையானது, மீன்கள் செத்து ஒதுங்கின. பாசி பெருகி மடியும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் சில மணி நேரத்தில் சரிந்துவிடும். அந்தச் சரிவைப் பாட்டில் பிடிக்காது. இரவு பகலாக நிற்கும் மிதவைதான் பிடிக்கும்.

அப்படிப்பட்ட மிதவைகளை இன்காய்ஸ் கொச்சிக்கும் விசாகப்பட்டினத்துக்கும் எதிரே நிறுத்தியிருக்கிறது. கரைந்த ஆக்சிஜன், அமிலத்தன்மை, கலங்கல், பச்சையம், நைட்ரேட், பாஸ்பேட், எண்ணெய்க் கசிவின் தடயம் என்று 19 அளவுகளை அவை பார்க்கின்றன. அந்த முதல் இரண்டு இடங்களில் தமிழகக் கரை இல்லை. 2017 ஜனவரி 28-ஆம் தேதி எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது மீனவர்களும் மாணவர்களும் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் மறுபடி எண்ணெய் படர்ந்தது. ஒவ்வொரு தடவையும் எவ்வளவு கொட்டியது, எப்போது கொட்டியது, எங்கே போனது என்பதில் ஆளுக்கொரு கணக்கு. தங்கச் சுரங்கக் கழிவான சயனைடு மேட்டின் தூசியைச் சுவாசித்துக்கொண்டு, அதில் என்ன இருக்கிறது என்று சொல்ல ஆளில்லாமல் வாழ்ந்த நமக்கு அந்த மீனவரின் கோபம் புரியும். அளக்காதவரை யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் சிலருக்கு அளவு வேண்டாம்.

என்னைக் கேட்டால், அடுத்த நீர்த்தர மிதவைகள் எண்ணூர், கடலூர், தூத்துக்குடி ஆகிய மூன்று இடங்களில் வர வேண்டும். ஆலைகளும் அனல்மின் நிலையங்களும் மீன்பிடித் துறையும் ஒரே தண்ணீரைப் பங்கு போடுகிற இடங்கள் அவை. அந்த எண்கள் அலுவலகக் கோப்புக்குள் போகாமல், அன்றன்றைக்குத் தமிழில், மீன் ஏலக்கூடத்துப் பலகையில் எழுதப்பட வேண்டும். தன் தண்ணீரைப் பற்றிய எண்ணைத் தினமும் பார்க்கிற மீனவர் அந்த மிதவையின் கயிற்றை வெட்டமாட்டார்.

கடைசியாக, கடலோரத்து உறவுகளைப் பார்க்கப் போகும் தங்கவயல்காரர்களுக்கும் கடற்கரைவாசிகளுக்கும் ஒரு வேண்டுகோள். மஞ்சள் மிதவை எங்காவது கரை ஒதுங்கியிருந்தால் திறக்காதீர்கள், கழற்றாதீர்கள். உள்ளே இருக்கும் பதிவு அதன் பேட்டரியைவிட விலை உயர்ந்தது. கடலோரக் காவல்படையின் கட்டணமில்லா எண் 1554. அதற்கு ஒரு போன் போட்டால் போதும்.